வெளிநாட்டு 4×4 ஸ்விட்ச்சை நம்ம ஊர் பிக்கப்பில் மாட்டலாமா? காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு பக்கம் போனாலும் சரி, ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் பக்கம் போனாலும் சரி, தார் ரோடு முடிந்ததும் கதை மாறிவிடும். மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் போகும் மண் பாதை, நடுவில் குறுக்கிடும் ஓடை, வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் சேறு. லோடு ஏற்றிய பிக்கப் சிக்கிக்கொண்டால், டிராக்டரைக் கூப்பிட்டு இழுக்க வேண்டியதுதான்.

மலையடிவாரத்தில் 4 வீல் டிரைவ் வண்டிக்கு மவுசு இருப்பதற்கு இதுதான் காரணம். கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. "வெளிநாட்டில் இதே வண்டிக்குக் கூடுதல் மோடு உள்ள ஸ்விட்ச் வருதே. அதை மட்டும் வாங்கி மாட்டினா போதாதா?"

சுருக்கமான பதில்: ஸ்விட்ச் உத்தரவு மட்டும்தான் போடும். வேலை நடப்பது வண்டிக்கு அடியில். அந்த வேலையைச் செய்யும் பாகம் அங்கே இல்லையென்றால், எந்த நாட்டு ஸ்விட்ச்சை மாட்டினாலும் பயன் இல்லை. விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்விட்ச்சைத் திருப்பினால் என்ன நடக்கிறது?

பெரும்பாலான பிக்கப்களில் இந்த ஸ்விட்ச்சில் மூன்று நிலைகள் இருக்கும். 2எச் என்றால் பின் சக்கரங்களுக்கு மட்டும் இன்ஜின் சக்தி போகும். 4எச் என்றால் நான்கு சக்கரங்களுக்கும் போகும். 4எல் என்றால் நான்கு சக்கரங்களுக்கும் போவதோடு, வேகம் குறைந்து இழுவை பல மடங்கு கூடும்.

கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்ற பெட்டிதான் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. பழைய ஜீப்களில் இதை இயக்க இன்னொரு கியர் லிவர் இருக்கும். டிரைவர் கையால் தள்ளுவார், உள்ளே பல்சக்கரம் நகரும். இப்போது அந்த லிவருக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது.

நீங்கள் ஸ்விட்ச்சைத் திருப்பியதும் சிக்னல் நேராக அந்த மோட்டாருக்குப் போவதில்லை. இசியு எனப்படும் குட்டி கம்ப்யூட்டருக்குப் போகிறது. வண்டி என்ன வேகத்தில் போகிறது, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்பதை எல்லாம் அது சரிபார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் மோட்டாரைச் சுற்ற விடும். மாற்றம் முழுமையாக முடிந்ததை சென்சார் உறுதி செய்த பிறகு டேஷ்போர்டு விளக்கு நிலையாக எரியும். அதுவரை மினுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒரே வண்டி, நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது?

வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நமக்குப் பக்கத்து உதாரணம், சென்னை அருகே மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டெவர். வெளிநாடுகளில் விற்ற ரேஞ்சர் பிக்கப்பும் இதுவும் ஒரே அடித்தளத்தில் உருவானவை. ஆனால் 2016-ல் இங்கே வந்த எண்டெவர் 4×4-ல் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் சக்தி போகும். மணல், சேறு என்று நிலத்துக்கு ஏற்ற மோடுகளும் உண்டு. அதே காலத்து ரேஞ்சரில் தேவைப்படும்போது மட்டும் 4 வீல் டிரைவ் போடும் முறை. இரண்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸே வேறு.

2022-ல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிய ரேஞ்சரில் ஒரே மாடலுக்குள்ளேயே வித்தியாசம். வி6 இன்ஜின் வண்டிக்கு '4ஏ' என்ற ஆட்டோ நிலை உண்டு. 2 லிட்டர் டீசல் வண்டிக்கு அப்போது அது கிடையாது.

இசுஸு டி-மேக்ஸும் இப்படித்தான். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் வி-கிராஸ் 2016-ல் இந்தியாவுக்கு வந்தது. தாய்லாந்தில் 2019 அக்டோபரில் அடுத்த தலைமுறை டி-மேக்ஸ் வந்துவிட்டது. ஆனால் 2021-ல் இங்கே வந்த பிஎஸ்-6 வி-கிராஸ் முந்தைய தலைமுறை வண்டிதான். புதிய தலைமுறைக்கான ஸ்விட்ச்சை இதில் மாட்ட நினைத்தால், பெயர் மட்டும்தான் ஒன்றாக இருக்கும்.

எது நடக்கும், எது நடக்காது?

வண்டிக்காரர்களின் ஆசையை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. வேலை அதே, ஸ்விட்ச் மட்டும் வேறு: உங்களுடையது ஏற்கெனவே 4×4. வெளிநாட்டு ஸ்விட்ச்சிலும் அதே மூன்று நிலைகள்தான், பார்க்க மட்டும் நன்றாக இருக்கிறது. தலைமுறை, டிரான்ஸ்ஃபர் கேஸ், இசியு மூன்றும் ஒன்றாக இருந்தால் இது நடக்க வாய்ப்பு உண்டு.

2. ஆட்டோ மோடு வேண்டும்: சாதாரண டிரான்ஸ்ஃபர் கேஸில் 4எச் போட்டால் முன், பின் ஷாஃப்ட்கள் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். ஆட்டோ மோடுக்குத் தேவைக்கேற்ப நழுவவும் பிடிக்கவும் கூடிய கிளட்ச் தட்டுகள் உள்ளே இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டிக்கு '4ஏ' என்று எழுதிய ஸ்விட்ச்சை மாட்டினால், அது வெறும் எழுத்துதான்.

3. டிஃப் லாக் பட்டன் வேண்டும்: ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும்போது, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டுவதுதான் டிஃப் லாக். அந்தப் பூட்டு நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்று சொல்லும் பாகத்துக்குள் இருக்க வேண்டும். பட்டனில் இல்லை.

4. 2 வீல் டிரைவ் வண்டியை 4×4 ஆக்க வேண்டும்: இதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஷாஃப்ட், முன் கிரவுன், முன் ஆக்சில், வயரிங், இசியு எல்லாமே வேண்டும். ஸ்விட்ச்சின் விலை இதில் மிகச் சின்னது. இந்தச் செலவுக்கு, முதலிலேயே 4×4 ஆக வந்த செகண்ட் ஹேண்ட் வண்டியைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

சாக்கெட் பொருந்தினால் போதாதா?

போதாது. நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான்.

சில ஸ்விட்ச்களில் ஒவ்வொரு நிலைக்கும் தனி வயர் இருக்கும். சிலவற்றில் ஒரே வயரில் மின்தடையின் அளவு மாறும். இசியு அந்த அளவை வைத்துத்தான் எந்த நிலை என்று கண்டுபிடிக்கும். இன்னும் சிலவற்றில் ஸ்விட்ச்சே டிஜிட்டல் தகவல் அனுப்பும். சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வயர் வரிசையோ மின்தடை அளவோ மாறியிருந்தால், இசியு அதை ஃபால்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்டதை விட்டு வேறு நிலையாகவும் புரிந்துகொள்ளலாம்.

ஸ்டியரிங் பக்கத்தையும் கவனிக்க வேண்டும். தாய்லாந்து, ஆஸ்திரேலியா வண்டிகள் நம்மைப் போலவே வலது பக்க ஸ்டியரிங். வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் இடது பக்கம். அங்கிருந்து வரும் ஸ்விட்ச்சின் பேனலும் வயர் நீளமும் நம் டேஷ்போர்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

தப்பாக மாட்டினால் என்ன ஆபத்து?

விளக்கு எரியாது என்பதோடு விஷயம் முடியாது.

வண்டி 4எச்-சிலேயே மாட்டிக்கொண்டால், தார் ரோட்டில் ஓட்டுவதே சிக்கல். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். ஆனால் இரண்டும் பூட்டப்பட்டிருக்கும். சேற்றில் டயர் நழுவிச் சமாளித்துவிடும். தார் ரோட்டில் நழுவாது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ் மீது இறங்கும். டயரும் சீக்கிரம் தேயும்.

அதைவிட ஆபத்தானது, பல்சக்கரம் பாதி வழியில் நின்றுவிடுவது. 4எச்-க்கும் 4எல்-க்கும் நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் நின்றால், கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும், ஆட்டோமேட்டிக்கில் 'பி' போட்டிருந்தாலும், சரிவில் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக் மட்டும்தான் பிடிக்கும். லோடு வண்டிக்குப் பின்னால் தேங்காய் ஏற்றும் ஆட்கள் நிற்கிற இடம் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

இசியுவே வேண்டாம் என்று மோட்டாருக்கு நேரடியாக கரண்ட் கொடுக்கும் குறுக்கு வழி கூடவே கூடாது. வேகத்தையும் நியூட்ரலையும் சரிபார்க்கும் பாதுகாப்பு அதோடு போய்விடும். ஓடும் வண்டியில் 4எல் விழ முயன்றால் பல்சக்கரம் நொறுங்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆர்.சி-யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் சட்டம் 'மாற்றம்' என்று விளக்குகிறது. பழுதான ஸ்விட்ச்சுக்குப் பதில் அதே வேலை செய்யும் இன்னொன்றை மாட்டுவதும், 2 வீல் டிரைவை 4×4 ஆக்குவதும் ஒன்றல்ல. இரண்டாவது வேலையில் இறங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுவது நல்லது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் விபத்து நேரத்தில் கிளெய்ம் சிக்கலாகலாம்.

வாங்கும் முன் செக் பண்ண வேண்டிய 5 விஷயங்கள்

* வண்டிக்கு அடியில் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஷாஃப்ட், முன் கிரவுன் இருக்கிறதா?
* பழைய ஸ்விட்ச்சின் பார்ட் நம்பரை, சேசிஸ் நம்பரை வைத்து ஷோரூமில் உறுதி செய்யுங்கள். புது ஸ்விட்ச் எந்த ஆண்டு, எந்த இன்ஜின் வண்டிக்கானது என்று கேளுங்கள்.
* இரண்டு வண்டிகளின் வயரிங் படத்தையும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஒவ்வொரு நிலையிலும் மின்தடையை மீட்டரில் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள்.
* இசியு-வில் செட்டிங் மாற்ற வேண்டுமா, அதற்கான ஸ்கேனர் அந்தப் பட்டறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். வயரை வெட்டச் சொன்னால் யோசியுங்கள்.
* சென்னை புதுப்பேட்டையோ ஆன்லைனோ, திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

மாட்டிய பிறகு முதல் சோதனையைச் சமதளமான மண் தரையில், ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். விளக்கு நிலையாக எரியும் வரை வண்டியை லோடுக்கு எடுக்காதீர்கள்.

4×4 இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாமா?

முடியாது. 4 வீல் டிரைவ் வண்டியை இழுக்க உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். ஓடையில் வெள்ளம் வந்தால் 4×4-ஐயும் தண்ணீர் தள்ளிக்கொண்டு போகும்.

தோப்பைத் தாண்டினால் காடு. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் சுமார் 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் வண்டியை விட முடியாது.

தோப்புப் பாதைக்கு மட்டும்தான் தேவை என்றால், ஸ்விட்ச்சுக்குச் செலவழிக்கும் முன் டயரைப் பாருங்கள். சேற்றுக்கு ஏற்ற நல்ல டயர், சரியான காற்று, அளவான லோடு, வண்டியில் ஒரு மண்வெட்டி, ஒரு இழுவைக் கயிறு. தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு எந்த மோடு போட்டாலும், கடைசியில் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.