சின்னக் கத்தியும் பெரிய சட்டமும்



வெயில் காலம் வந்தால் எங்கள் பிள்ளைகளும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து எட்டிப் போகும் தூரத்தில், சிங்ஃபோர்ட் பக்கம், 1919 முதல் சாரணர் இயக்கத்தின் கில்வெல் பார்க் இருக்கிறது. அப்படியான ஒரு வார இறுதி முகாமுக்கு மகனோடு போவதற்காக, உறையோடு கூடிய சிறிய கத்தி ஒன்று வாங்கினேன். மடிக்க முடியாத கத்தி. அலகு 6 சென்டிமீட்டர்தான்.

கையில் எடுத்ததும் ஊரில் அம்மம்மா ஓலை வார்ந்த சத்தகம்தான் நினைவுக்கு வந்தது. வேலையும் அப்படித்தான். கயிறு அறுத்தது, வெங்காயம் நறுக்கியது, அடுப்பு மூட்டக் காய்ந்த குச்சியை மெல்லிய சீவலாகச் சீவியது. மடிப்புக் கத்தி அழுத்தும்போது விரல்மேல் மடங்கலாம். இதற்கு அந்தப் பயம் இல்லை. மூட்டு இல்லாததால் மண்ணும் மீன் செதிலும் சிக்காது, கழுவுவது சுலபம். ஆனால் பூசணிக்காய்க்கு அலகு போதாது, விறகு பிளக்கவும் உதவாது. கார்பன் உருக்கு என்பதால் தேசிக்காய் வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்து, துருவும் பிடிக்கும். துடைத்துச் சொட்டு எண்ணெய் பூச வேண்டும்.

கத்தி நல்லது. தவறு என்னுடையது.

ஞாயிறு மாலை வீடு திரும்பினோம். திங்கள் காலை அதே பையைத் தோளில் போட்டுக்கொண்டு மகன் பாடசாலைக்குப் புறப்பட்டான். வாசலில் ஏதோ தோன்றிப் பக்கப் பையைத் துழாவினேன். கத்தி அதற்குள் இருந்தது. எனக்குக் கை நடுங்கி விட்டது.

ஏன் நடுங்கினேன் என்று சொல்கிறேன். "மூன்று அங்குலத்துக்குள் என்றால் பிரச்சினை இல்லை" என்று எங்களில் பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139 ஆம் பிரிவு அந்தச் சலுகையை மடிப்புக் கத்திக்கு மட்டுமே தருகிறது. விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திக்குக்கூட அது இல்லை. மடியாத கத்தி எவ்வளவு சிறியதானாலும், பொது இடத்தில் வைத்திருக்கத் தகுந்த காரணம் வேண்டும். காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் வைத்திருப்பவரே. முகாமுக்குப் போவதும் வருவதும் காரணமாகலாம். "மறந்து போய் பையில் கிடந்தது" என்பது மட்டும் போதாது. "பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்" என்பதைச் சொல்லவே கூடாது. பாடசாலை வளவுக்குத் தனிப் பிரிவே உண்டு. உச்சத் தண்டனை 4 ஆண்டு சிறை.

எங்கள் குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது 10 வயதிலிருந்தே நன்னடத்தை பார்க்கப்படுகிறது. பிள்ளையின் பெயரில் ஒரு பதிவு விழுந்தால் அது அங்கேயும் வந்து நிற்கும்.

ஊரில் சீவல் தொழிலாளி இடுப்பில் பாளைக்கத்தியோடு தெருவால் போவார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொழிலுக்கான கத்தியை இங்கும் சட்டம் ஏற்கிறது. ஆனால் வேலை முடிந்த பிறகும் அது பையில் கிடந்தால் கேள்வி எழும்.

ஆகவே நேயர்களே, முகாம் பொறுப்பாளரிடம் முதலில் கேளுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கத்தி விற்கக் கூடாது என்பதால் பெரியவரே வாங்கி, பெரியவரே வைத்திருங்கள். போகும்போது சமையல் சாமான்களோடு பையின் அடியில் கட்டி வையுங்கள், இடுப்பில் வேண்டாம். திரும்பி வந்ததும் சப்பாத்தைக் கழற்றுமுன் கத்தியை எடுத்து வீட்டில் பூட்டி வையுங்கள். பக்கத்தில்தானே என்று வான்ஸ்டெட் ஃபிளாட்ஸுக்குக் கொண்டுபோய்ப் பழகவும் வேண்டாம். அது எப்பிங் வனத்தின் பகுதி; அங்கே மரம் வெட்டவோ நெருப்பு மூட்டவோ அனுமதி இல்லை. 2018 ஜூலையில் அங்கே புல் பற்றியபோது அணைக்க 200 க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் வர வேண்டியிருந்தது.

இன்று எங்கள் வீட்டில் பாடசாலைப் பை வேறு, முகாம் பை வேறு. உங்கள் வீட்டிலும் அப்படியே செய்யுங்கள்.