பல இயங்குதளங்களிடையே தமிழ்க் கோப்புப் பெயர்கள்: புதுக்கோட்டை ஆவணங்களை முன்வைத்து

முன்னுரை

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி, விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பெற்ற கணினிகள் மாணவர்களைச் சென்றடைந்தன. இத்தகைய கணினிகளில் கல்வெட்டு, ஓலைச்சுவடிப் படிமங்களைச் சேமிப்போர் தமிழில் பெயரிடும்போது எழும் பொருந்தாமையை இக்கட்டுரை விளக்குகிறது.

கோப்பு முறைமைகள்

விண்டோஸ் என்.டி.எஃப்.எஸ். முறைமையையும் லினக்ஸ் பெரும்பாலும் இ.எக்ஸ்.டி.4 முறைமையையும் கையாள்கின்றன. லினக்ஸ் முன்னதைப் படிக்கவும் எழுதவும் வல்லது. விண்டோஸ் பின்னதைத் தானாகப் படிப்பதில்லை. இரண்டுக்கும் பொதுவான ஃபேட்32, 4 ஜி.பி. அளவை எட்டும் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அத்தடையை நீக்குகிறது. எனினும் பெயர்ச் சிக்கல் எஞ்சுகிறது.

பெயரின் நீளம்

இரு முறைமைகளிலும் பெயரின் எல்லை 255 என்றே கூறப்படும். ஆனால் எண்ணும் அலகு வேறு. என்.டி.எஃப்.எஸ். ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணையும் ஓர் அலகாகக் கொள்ளும். இ.எக்ஸ்.டி.4 பைட்டுகளை எண்ணும், யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு 3 பைட்டுகள் தேவை. 'புதுக்கோட்டை' என்னும் பெயரில் எழுத்துகள் 6, குறியெண்கள் 12, பைட்டுகள் 36.

'புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலைக் குடைவரை இசைக் கல்வெட்டு நிழற்படம் வலப்பக்க மேற்பகுதி' என ஒரு படிமத்திற்குப் பெயரிடுவதாகக் கொள்வோம். இதில் தமிழ்க் குறியெண்கள் 82, வெற்றிடங்கள் 8, புள்ளியுடன் கூடிய வகைப் பின்னொட்டு 4. விண்டோஸில் இது 94 அலகுகளே. லினக்ஸிலோ 258 பைட்டுகள். எல்லையை 3 பைட்டுகள் மீறுவதால் படியெடுப்பு மறுக்கப்படும். பெருந்தொகுதியாகப் படியெடுக்கையில் விடுபட்ட ஒரு கோப்பு கவனத்திற்கு வாராமலே போகலாம்.

ஒரு பெயர், இரு வடிவங்கள்

ஒருங்குறியில் 'கோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை. மேக் கணினிகளின் எச்.எஃப்.எஸ். பிளஸ் முறைமை பெயரைப் பிரித்தே சேமித்தது. 2017இல் வந்த ஏ.பி.எஃப்.எஸ். அவ்வாறு பிரிப்பதில்லை. என்.டி.எஃப்.எஸ்., இ.எக்ஸ்.டி.4 இரண்டும் பொதுவாக வந்த வடிவத்தை அப்படியே காக்கின்றன. ஆகவே 'புதுக்கோட்டை' என்னும் பெயரில் இரு கோப்புறைகள் ஒரே இடத்தில் அமையக்கூடும். இரு வடிவங்களையும் இணையாகக் கருதாத தேடல் கருவி ஒன்றை மட்டுமே காட்டும்.

முடிவுரை

ஆவணத் தொகுப்பில் கிடைக்காத கோப்பு, இல்லாத கோப்புக்கு ஒப்பாகும். எனவே கோப்புக்குக் குறுகிய வரிசை எண்ணைப் பெயராக இட்டு, முழுத் தலைப்பைத் தனி அட்டவணையில் பதிதல் நலம். தமிழ்ப் பெயர் இன்றியமையாததாயின், அதை 255 பைட்டுகளுக்குள் அடக்கி, சேர்த்தெழுதும் ஒருங்குறி வடிவத்தையே தொகுப்பு முழுவதும் பின்பற்றுதல் வேண்டும். படியெடுத்தபின் இருபுறக் கோப்பு எண்ணிக்கையையும் ஒப்பிடுவது இறுதிக் காப்பாகும்.