பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு: லாக்புக்கைக் காட்டச் சொல்லுங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுக்கு வரும் போன்களில் இப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது: "நீட்ல மார்க் வரலையா? பிசிஷியன் அசிஸ்டென்ட் சேர்த்துவிடுங்க. கிட்டத்தட்ட டாக்டர்தான் சார்." வில்லங்கமெல்லாம் அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான். பி.ஏ. என்றால் நம் ஊரில் ஒரு டிகிரி, இல்லாவிட்டால் அமைச்சர் பின்னால் ஃபைலோடு ஓடுகிறவர். ஆஸ்பத்திரியில் இருக்கும் இந்த மூன்றாவது பி.ஏ. யார் என்பது, அதில் சேர வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கே பல நேரம் தெரிவதில்லை.

படிப்பில் குறையில்லை. 1965-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேரை வைத்துத் தொடங்கியது. நம் நாட்டில் அது முதலில் முளைத்தது சென்னையில். 1992-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன் தொடங்கிவைத்தார். பைபாஸ் ஆபரேஷனுக்காக நோயாளியின் காலிலிருந்து ரத்தக்குழாயைப் பிரித்தெடுப்பது இன்று தேர்ந்த பி.ஏ.க்களின் கைவேலை. விளையாட்டான வேலையல்ல.

ஆனால் அங்கேயும் இங்கேயும் பெயர்தான் ஒன்று. அமெரிக்காவில் இது முதுகலைப் படிப்பு. பெரும்பாலும் 27 மாதம். ஏறக்குறைய முதல் பாதி வகுப்பறை. பிறகு குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், அறுவை, குழந்தைகள், மகளிர் நலம், மனநலம், அவசர சிகிச்சை என்று சுமார் 2,000 மணி நேரம் நோயாளிகள் பக்கத்தில் நின்றே கற்கிறார்கள். அதன்பின் 300 கேள்விகள் கொண்ட தேசியத் தேர்வு. அங்குள்ள ஏ.ஆர்.சி-பி.ஏ. என்ற அமைப்பு அங்கீகரித்த படிப்பை முடித்தவர்கள் மட்டுமே அதை எழுத முடியும். இங்கே பி.எஸ்ஸி. முடித்துவிட்டு நேரே அங்கே போய் பி.ஏ. ஆகலாம் என்று ஏஜென்ட் சொன்னால், அது பொய். அங்கே மறுபடி படித்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது மூன்றாண்டுப் பாடமும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் கொண்ட பி.எஸ்ஸி. சுகாதாரத் துறையினருக்கான 2021-ஆம் ஆண்டு தேசிய ஆணையச் சட்டம் இந்தத் தொழிலையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனாலேயே தனியாக வைத்தியம் பார்க்கும் உரிமை வந்துவிடாது. டாக்டரின் மேற்பார்வையில்தான் வேலை. பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் நைட் டியூட்டி. ஆள் பற்றாக்குறையுள்ள ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப் பிள்ளையை வார்டில் தனியே விட்டுவிட்டு, "ஏதாவதுன்னா போன் பண்ணு" என்று டியூட்டி டாக்டர் தூங்கப் போய்விடலாம். இரவு இரண்டு மணிக்கு யாருக்கோ மூச்சு வாங்கும். பிள்ளை ஊசி போட்டு, கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்தும் வைத்துவிடும். காலையில் ஏதாவது ஆகிவிட்டால் அந்த ஷீட்டில் இருப்பது பிள்ளையின் கையெழுத்து. "போனில்தான் சொன்னார்" என்று பிறகு நிரூபிப்பது சிரமம். ஆகவே தொலைபேசி உத்தரவானால் யார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று அப்போதே ஷீட்டில் குறிக்க வேண்டும். டாக்டர் வந்ததும் அதன் கீழ் கையெழுத்து வாங்க வேண்டும். தொடர்ந்து தனியே விடப்பட்டால் படிப்புப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்மொழிப் புகாருக்குத் தேதி கிடையாது.

இன்னொன்று ஊசிக்குத்து. ரத்தம் எடுக்கும்போது விரலில் குத்திக்கொண்டு, திட்டுவார்களே என்று மறைக்கிற மாணவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குமேல் தள்ளக் கூடாது. வேலையிடத்தில் இந்த ஆபத்துக்கு ஆளாகக்கூடியவர்களுக்கு அந்த மருந்தும் பாதுகாப்பு வசதிகளும் பயிற்சியும் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் போஸ்டிங்குக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். எச்.ஐ.வி. பற்றிய தகவலுக்கு 1097.

கட்டண விஷயத்தில் பெற்றோர் ஏமாறுவது வழக்கமாக இரண்டு இடங்களில். "நாலு வருஷ ஃபீஸையும் இப்பவே கட்டிடுங்க" என்பது ஒன்று. "ஒரிஜினல் சர்டிபிகேட் எங்ககிட்டயே இருக்கட்டும்" என்பது மற்றொன்று. 2018-ல் வந்த யூ.ஜி.சி. அறிவிக்கை இரண்டையும் தடுக்கிறது. அந்த ஆண்டுக்கோ செமஸ்டருக்கோ உள்ள கட்டணத்தைத்தான் கேட்கலாம். சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். தர மறுத்தால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ராகிங் என்றால் 1800-180-5522.

இதெல்லாம் சேர்ந்த பிறகு படும் பாடு. சேரும் முன்பே கல்லூரியில் ஒரு பழைய மாணவரின் லாக்புக்கைக் காட்டச் சொல்லிப் புரட்டிப் பாருங்கள். எந்த வார்டு, எத்தனை நாள், எந்த டாக்டர் கையெழுத்து என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எல்லாப் பக்கத்திலும் ஒரே பேனா, ஒரே நாள் கையெழுத்து என்றால் கிளம்பிவிடலாம். சொந்த ஆஸ்பத்திரி உண்டா, இல்லாவிட்டால் எதோடு ஒப்பந்தம், இன்டர்ன்ஷிப்பில் ஸ்டைபண்ட் உண்டா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

லாக்புக்கைக் காட்ட மாட்டோம் என்றால் கேன்டீனுக்குப் போங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை யாராவது டீ குடித்துக்கொண்டிருக்கும். "போன மாசம் எந்த வார்டுல போஸ்டிங் தம்பி? யார் சொல்லித் தந்தாங்க?" என்று கேளுங்கள். "பில்லிங் கவுன்டர்லதான் அங்கிள் உக்கார வெச்சாங்க" என்று பதில் வந்தால், அட்மிஷன் ஆபீஸ் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.