மண்கோட்டையும் மலைக்கு அப்பாலிருந்த துணையும்

1755-இல் கர்னல் ஹெரான் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு நெற்கட்டும்செவலுக்கு வந்தார். கப்பம் கட்ட மறுத்தார் அவ்வூர்ப் பாளையக்காரர் பூலித்தேவர். சுவரைத் தகர்க்கும் பெரிய பீரங்கிகள் ஹெரானிடம் இல்லை; வந்த வழியே திரும்பினார். இன்றைய தென்காசி மாவட்டத்தில் நடந்த இந்தப் போரை மேடைகளில் வீரமாகவே பேசுகிறோம். அதை வியூகமாகவும் படிக்க வேண்டும்.

படிக்கத் திருக்குறளே போதும். வலியறிதல் அதிகாரம் நான்கு பலங்களை எடைபோடச் சொல்கிறது: செயலின் பலம், தன் பலம், எதிரியின் பலம், இரு பக்கமும் துணை நிற்போரின் பலம். முதல் மூன்றிலும் பூலித்தேவர் கெட்டிக்காரர். அவருடைய வாசுதேவநல்லூர்க் கோட்டை மலையடிவாரத்தில், முட்புதர்க் காட்டை ஒட்டி நின்றது. அதன் களிமண் சுவரில் பீரங்கிக் குண்டுகள் எளிதில் பிளவு உண்டாக்கவில்லை.

நான்காவது பலம் திருவிதாங்கூர். மேற்கே மலைக்கு அப்பாலிருந்த அந்த அரசு நட்பாக இருந்தவரை முதுகுப்பக்கம் கவலையில்லை. கம்பெனியின் தளபதி யூசுப்கான் கைவைத்தது அங்கேதான். 1759-இல் களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூர் அரசரைத் தன் பக்கம் இழுத்தார். குற்றாலத்துக்கு வடக்கே இருக்கும் வடகரைப் பாளையத்தின் மீது இரு படைகளும் சேர்ந்தே பாய்ந்தன. வடகரையார் பூலித்தேவரிடம் அடைக்கலம் தேடி ஓடினார்.

பகைவனின் திட்டத்தை முறியடி, அடுத்து அவன் கூட்டணியைப் பிரி, கோட்டை முற்றுகையைக் கடைசியாக வை என்று சீனப் போர்நூல் ஆசிரியர் சுன் சூ சொன்ன வரிசை இது. யூசுப்கான் அவரைப் படித்திருக்க வேண்டியதில்லை. மதுரை, திருநெல்வேலிச் சீமையில் வரி வசூலித்த அனுபவமே யாரை எதைக் கொடுத்து வாங்கலாம் என்று காட்டியிருக்கும்.

ஆனாலும் வாசுதேவநல்லூர் உடனே விழவில்லை. அந்த ஆண்டுக் கடைசியில் திருவிதாங்கூர்ப் படையையும் சேர்த்துக்கொண்டு அடித்தும் யூசுப்கானால் பிடிக்க முடியவில்லை. மண்சுவரின் பெருமையும் அதற்குள் நின்றவர்களின் பெருமையும் அதில் இருக்கிறது. ஆனால் சுவரால் காலத்தை நீட்டத்தான் முடிந்தது. போன துணைக்கு அது ஈடாகவில்லை. 1761-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் வீழ்ந்தன.

துணையின் பலத்தை எடைபோடுவது இன்றும் மாறவில்லை. 2022-இல் தொடங்கிய உக்ரைன் போரிலும் களச் செய்திக்கு நிகராக, எந்த நாடு ஆயுதம் தரும், எப்போது நிறுத்தும் என்பதையே தளபதிகள் கவனிக்கிறார்கள். பூலித்தேவரின் போரை விளக்கும் பள்ளிப் பாடத்தில் நெற்கட்டும்செவலுக்குக் கொடுக்கும் இடத்தைக் களக்காட்டுக்கும் கொடுக்க வேண்டும்.