இஸபெல்லாவின் பெயரில் ஒரு சொந்த ஊர்

ஜெர்மன் மொழியில் ‘ஹைமாட்’ என்றால் சொந்த ஊர். பிறந்த மண்ணும் பேசி வளர்ந்த மொழியும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். 1875இல் நியூயார்க்கை ஒட்டிய அஸ்டோரியாவில், ஜெர்மன் வம்சாவளி மூதாட்டிகளுக்காக ஓர் இல்லம் திறந்தபோது, ‘இஸபெல்லா ஹைமாட்’ என்று பெயர் வைத்தார்கள். இஸபெல்லா, நிறுவனர் அன்னா ஒட்டன்டார்ஃபர் பறிகொடுத்த மகள்.

அன்னா 1815இல் வூர்ட்ஸ்பர்க்கில் பிறந்து, இளம் வயதில் கப்பலேறி அமெரிக்கா வந்தவர். முதல் கணவர் யாக்கோப் ஊல் அச்சகக்காரர். இருவரும் சேர்ந்து ‘நியூயார்க்கர் ஷ்டாட்ஸ் ட்சைட்டுங்’ என்ற ஜெர்மன் பத்திரிகையை வளர்த்தார்கள். 1852இல் கணவர் இறந்தார். கையில் ஆறு பிள்ளைகள். அன்னா பத்திரிகையை விற்கவில்லை, தாமே நடத்தினார். 1859இல் அதன் ஆசிரியர் ஆஸ்வால்ட் ஒட்டன்டார்ஃபரை மணந்தார். அந்தப் பத்திரிகை ஈட்டித் தந்த செல்வத்தில்தான் இல்லம் எழுந்தது.

தனியாக ஓர் இல்லம் எதற்கு? அன்றைய அமெரிக்காவில் சாதாரண மக்களுக்கு முதுமைக்கால ஓய்வூதியம் கிடையாது. அதற்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1935இல்தான். உழைக்கத் தெம்பில்லாமல், கவனிக்க ஆளில்லாமல் போனால் நகராட்சியின் ஏழையர் விடுதிதான் கதி. அங்கே எல்லாம் ஆங்கிலம். மறதி நோய் வந்த பலருக்கு, பின்னால் கற்ற மொழி முதலில் நழுவிவிடுகிறது, மிஞ்சுவது தாய்மொழி. “தண்ணீர் வேண்டும்” என்று கேட்டால் புரிந்துகொள்ள ஓர் ஆள் பக்கத்தில் இருப்பது அந்த வயதில் எவ்வளவு பெரிய ஆறுதல்! சிகாகோ அருகேயும் ஓக்லாந்திலும் ஜெர்மானியர்கள் ‘ஆல்டன்ஹைம்’ என்ற பெயரில் முதியோர் இல்லங்களைக் கட்டினார்கள்.

அன்னா 1884இல் காலமானார். மன்ஹாட்டனின் செகண்ட் அவென்யூவில் அவரும் கணவரும் கட்டித்தந்த நூலகம் அதே ஆண்டு திறந்தது. செங்கல் முகப்பில், வாசலுக்கு மேலே, ‘இலவச நூலகம், வாசகசாலை’ என்று ஜெர்மன் மொழியில் பொறித்த எழுத்துகளை இன்றும் நின்று படிக்கலாம்.

இல்லம் 1889இல் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதிக்கு, ஆம்ஸ்டர்டாம் அவென்யூவுக்கு இடம் மாறியது. பிற்பாடு ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜெர்மன் யூதர்கள் அந்தப் பகுதியில் பெருந்திரளாகக் குடியேறினார்கள். இப்போது அந்தத் தெருக்களில் டொமினிக்கன் குடும்பங்களின் ஸ்பானிஷ் பேச்சு கேட்கிறது. இல்லம் முதியோர் பராமரிப்பு மையமாகத் தொடர்கிறது. பெயரிலிருந்த ‘ஹைமாட்’ எப்போதோ உதிர்ந்துவிட்டது; ‘இஸபெல்லா’ இருக்கிறாள்.