எங்கிருந்து ஆப்சென்ட்?

இண்டூரிலும் சுற்றுவட்டாரத்திலும் 28 வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஏ, பி, சி, டி முழுசாக வராத பையனுக்கும் ‘ஆப்சென்ட்’ தெரியும். “சார், அவன் இன்னிக்கி ஆப்சென்ட்” என்று பக்கத்து இடத்தைக் காட்டுவான். எழுதச் சொன்னால்தான் வம்பு.

‘ஐ வாஸ் ஆப்சென்ட் டு ஸ்கூல்.’ வருஷா வருஷம் இதே வாக்கியம் வரும். நானும் ‘டு’வைச் சிவப்பு மையால் அடித்து ‘ஃப்ரம்’ என்று திருத்துவேன். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். “ஸ்கூலுக்குத்தானே சார் வரல? ‘க்கு’ன்னா ‘டு’ன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது அப்படித்தாம்மா, உக்காரு” என்றேன். வேறென்ன சொல்ல? ராத்திரி வீட்டில் அகராதியைப் பிரித்தபோதுதான் எனக்கே விளங்கியது. லத்தீனில் ‘அப்’ என்றால் விலகி, ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். விலகி இருப்பதுதான் ஆப்சென்ட். ‘பிரசென்ட்’டிலும் அதே இருத்தல் உண்டு, அது முன்னால் இருப்பது. ஆக, ஆப்சென்ட் ஆனவன் இல்லாமல் போனவன் அல்ல, வேறெங்கோ இருக்கிறவன். விலகல் என்றாலே எதிலிருந்து என்று கேட்கத் தோன்றும். அந்த ‘இலிருந்து’தான் ஃப்ரம். மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். “நேத்தே சொல்லியிருக்கலாம்ல சார்” என்றாள்.

நம்முடைய ‘இல்லை’ வேறு ரகம். வீட்டு வாசலில் நின்று “அப்பா இல்லையா?” என்று கேட்க நாக்கு கூசும். உள்ளே இருப்பவர்களும் “வெளிய போயிருக்காரு” என்பார்களே தவிர ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். ஆளைப் பற்றி அப்படிச் சொன்னால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஆகிவிடும். அரிசி தீர்ந்தால்கூட என் அம்மா “நிறைஞ்சிருக்கு” என்றுதான் சொல்வாள். ஆப்சென்ட் என்ற இரவல் சொல் நம் வாயில் இவ்வளவு சுலபமாக உட்கார்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் சாவு வாசனை இல்லை.

இதற்கு ஒரு தம்பி உண்டு: லீவு. இரண்டும் ஒன்றல்ல. இந்த இடத்தில் ‘லீவ்’ என்றால் அனுமதி என்றுதான் பொருள். கிளம்பிப் போவதைச் சொல்லும் ‘லீவ்’ வேறு வேரிலிருந்து வந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வராமல் இருந்தால் லீவு, சொல்லாமல் நின்றுவிட்டால் ஆப்சென்ட். ‘அவன் நேத்து லீவு’ என்பதை அப்படியே ‘ஹி வாஸ் லீவ்’ என்று எழுதக் கூடாது, ‘ஆன் லீவ்’ என்று எழுத வேண்டும். லீவ் லெட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாரியம்மன் பண்டிகைக்குப் போனவனும், தக்காளி பறிக்கப் போனவனும் ‘சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்றே எழுதுவார்கள். மனப்பாடம் செய்த ஒரே கடிதம் அதுதான். அங்கே மட்டும் ‘ஃப்ரம்’ தப்பாமல் வந்துவிடும்!

பெயர்ச்சொல் ஆப்சென்ஸ். அதையும் ‘லாக்’கையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். லாக் என்றால் வேண்டிய ஒன்று இல்லாதது அல்லது போதாதது. எங்கள் பக்கம் மழை பொய்த்து நிலக்கடலை காய்ந்தால் ‘லாக் ஆஃப் ரெயின்’ என்பது சரி. அதில் ஏக்கம் இருக்கிறது. ஆப்சென்ஸுக்கு ஏக்கம் கட்டாயமில்லை. நோய் இல்லாததை ‘ஆப்சென்ஸ் ஆஃப் டிசீஸ்’ என்பார்கள். ‘லாக்’ போட்டால் நோய் வேண்டுமென்று கேட்பது போலாகிவிடும்.

இல்லாததே கண்ணில் உறுத்துவதும் உண்டு. கி.பி. 22-இல் ரோமில் யூனியா என்ற மூதாட்டியின் இறுதி ஊர்வலம் நடந்தது. பெரிய குடும்பங்களின் முன்னோர் உருவங்களையெல்லாம் தூக்கிப் போனார்கள். சீசரைக் கொன்றவர்களான அவளுடைய கணவன் காசியஸ், சகோதரன் புரூட்டஸ் இருவரின் உருவங்கள் மட்டும் இல்லை. அதனாலேயே அந்த இருவரும்தான் எடுப்பாகத் தெரிந்தார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்தார். ஆங்கிலத்தில் ‘கான்ஸ்பிக்யுவஸ் பை ஆப்சென்ஸ்’ என்ற வழக்கு அங்கிருந்து வந்ததுதான்.

வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான். வந்த பிள்ளைகளின் கோடுகள் கண்ணில் படாது, வராதவனின் ‘ஏ’தான் படும். ஒரு ஏழாம் வகுப்புப் பையனுக்கு வரிசையாக ஒன்பது ‘ஏ’ விழுந்ததும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஆயா மட்டும் திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பன் ஆத்தா பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிருக்காங்க சார். கைக்கொழந்தையப் பாத்துக்க ஆளில்லன்னு இவனையும் கூட்டிக்கினு போயிட்டாங்க.”

மூன்று வாரம் கழித்துப் பையன் மட்டும் ஆயாவிடம் திரும்பி வந்தான். அந்த மாதத் தேர்வில் ஆப்சென்ட், பிரசென்ட் இரண்டையும் வைத்துச் சொந்தமாக வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். அவன் எழுதியது: ‘மை மதர் இஸ் ஆப்சென்ட் ஃப்ரம் அவர் ஹவுஸ். ஷி இஸ் பிரசென்ட் இன் பெங்களூர்.’

இரண்டாவது வாக்கியத்தை ஆங்கிலேயன் அப்படி எழுத மாட்டான். சிவப்புப் பேனா கையில்தான் இருந்தது. முழு மதிப்பெண் போட்டேன்.