பிபிசி மைக்ரோவுக்கு இரண்டாம் செயலி ராஸ்ப்பெர்ரி பை

1981-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த பிபிசி மைக்ரோ, சேகரிப்பாளர்களின் மேசைகளில் இன்றும் ஓடுகிறது. அதன் அடிப்பக்கத்து 40 ஊசி இணைப்பியில் ராஸ்ப்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியை இணைத்தால், பல மடங்கு வேகத்தில் கணக்கிடுகிறது. எப்படி?

எதற்காக அந்த இணைப்பி?

பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜின் அக்கார்ன் நிறுவனம் தயாரித்த கணினி இது. 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கும் வந்தது. அதன் 'பி' மாடலில் 6502 செயலி 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும். நினைவகம் 32 கிலோபைட். சில திரை முறைகளில் படத்துக்கே 20 கிலோபைட் போய்விடும்.

இந்த நெருக்கடிக்கு மாற்றாக, 'ட்யூப்' என்ற இணைப்பை வடிவமைப்பாளர்கள் முதலிலேயே வைத்தார்கள். தனி நினைவகம் கொண்ட இன்னொரு செயலியை அதில் மாட்டலாம். நிரல் அந்தச் செயலியில் ஓடும். விசைப்பலகை, திரை, டிஸ்க் ஆகியவற்றைப் பழைய செயலி கவனித்துக்கொள்ளும்.

பை என்ன செய்கிறது?

'பைட்யூப்டைரக்ட்' என்ற இலவச மென்பொருளை எஸ்டி கார்டில் ஏற்றினால், ட்யூப் இணைப்பைக் கையாளும் சிப்பின் வேலையையும் இரண்டாம் செயலியின் வேலையையும் பை ஒன்றே செய்கிறது. 6502, இசட்80, ஆர்ம்2 எனப் பல செயலிகளாக அது நடிக்கும். பழைய கணினியின் ஒரு துடிப்பு 500 நானோ விநாடி. அதற்குள் பதில் போயாக வேண்டும். லினக்ஸ் போன்ற இயங்குதளம் இடையில் வேறு வேலைக்குத் திரும்பினால் துடிப்பு தவறிவிடும். ஆகவே இந்த மென்பொருள் இயங்குதளம் இல்லாமல் நேரடியாக ஓடுகிறது.

கவனிக்க வேண்டியவை

பழைய கணினியின் சமிக்ஞைகள் 5 வோல்ட். பையின் ஊசிகள் தாங்குவது 3.3 வோல்ட். நேரடியாக இணைத்தால் பை கெட்டுவிடும். நடுவே மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சிறு போர்டு கட்டாயம். மின்சாரத்தை அணைத்த பிறகே மாட்ட வேண்டும். பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த கணினியானால், பவர் சப்ளையின் பழைய கெப்பாசிட்டர்களை முதலில் மாற்றிவிடுவது நல்லது; அவை வெடித்துப் புகைவது வழக்கம்.

பொருத்தம் தற்செயலல்ல

சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அக்கார்னில் உருவாக்கிய முதல் ஆர்ம் சிப், 1985-இல் பிபிசி மைக்ரோவின் இரண்டாம் செயலியாகத்தான் இயக்கிப் பார்க்கப்பட்டது. 2012-இல் வந்த ராஸ்ப்பெர்ரி பையில் இருப்பதும் ஆர்ம் செயலிதான். அதன் 'ஏ', 'பி' மாடல் பெயர்களும் பிபிசி மைக்ரோவிலிருந்து எடுத்தவை.

ட்யூப் வழியே செய்தி போய்வர எட்டே முகவரிகள். மறுமுனையில் எந்தச் செயலி இருக்க வேண்டும் என்று அக்கார்ன் வரையறுக்கவில்லை; செய்தி எப்படிப் போய்வர வேண்டும் என்பதை மட்டும் வரையறுத்தது. அப்போது பிறந்தே இராத ஒரு கணினிக்கு இடம் கிடைத்தது அதனால்தான்.